நாற்பத்தெட்டு வினாடி

பிஸ்கட் தின்ற கையைத் துடைக்காமலே கன்ட்ரோலரை எடுத்துவிட்டாள். ஆரஞ்சு கிரீம் பிஸ்கட். இனி அந்தக் கிரீம் பொத்தான்களின் இடுக்கில் போய் உட்காரும், சோதனை முடிந்ததும் காது குடைகிற பஞ்சுக் குச்சியை வைத்து நான்தான் நோண்டி எடுக்க வேண்டும், ஒரு விளையாட்டுக்கு ஏழு வருஷம் கதை எழுதியவனுக்கு இந்தப் பெருங்குடி அலுவலகத்தில் மிச்சமிருக்கும் உருப்படியான வேலை அதுதான். போன வாரம் வந்தவர் உள்ளங்கை முழுக்க வியர்வை. அதற்கு முந்தைய வாரம் வந்தவர் தலைமுடியைக் கோதிக் கோதி எண்ணெயைத் தடவிவிட்டுப் போனார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் மூக்கருகே கொண்டுபோனால் எல்லாருடைய வாடையும் ஒன்றாகக் கலந்து வருகிறது. குமட்டும் என்று தெரிந்தும் முகர்ந்து பார்க்கிற புத்தி எனக்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருட்டில் நானும் கிரிதரனும். அந்தப் பக்கம் வெளிச்சத்தில் அவள். நாங்கள் அவளைப் பார்க்கலாம், அவளுக்குக் கண்ணாடியில் தன் முகம்தான் தெரியும். வந்ததும் அதில் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள், எனக்கு நேராக, ஒரு முழம் தூரத்தில். பெயர் பானுரேகா, வயது முப்பத்தொன்று, பள்ளிக்கரணையில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை, என்னென்ன விளையாட்டு ஆடியிருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு எதிரே 'போனில் கலர் உருண்டை' என்று எழுதியிருக்கிறாள். கிரிக்கு அதைப் படித்ததும் முகமெல்லாம் பல். "பக்கா மாஸ் ஆடியன்ஸ் ப்ரோ" என்றான். அவன் எங்கள் தயாரிப்பாளர், என்னைவிடப் பத்து வயது சின்னவன், எல்லாரையும் ப்ரோ என்பான், தன் மாமனாரையும் அப்படித்தான் கூப்பிடுவானோ என்று எனக்குச் சந்தேகம்.

இவள் நாலாவது ஆள். முதல் மூன்று பேரும் நாகுவைத் தாண்டிப் போய்விட்டார்கள். நாலாவது ஆளும் தாண்டினால் நாகுவைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஓர் அம்புக்குறி வைத்துவிடலாம், சரியா ப்ரோ என்று கிரி திங்கட்கிழமை கேட்டான், நானும் சரி என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? நாலு பேரில் ஒரு மனிதப் பிறவியாவது காத்திருக்காதா என்று நம்பினேன். நம்பிக்கை என்ன நம்பிக்கை, வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். இப்போது பதினொன்றே கால். பன்னிரண்டு மணிக்குள் தெரிந்துவிடும். நாகு என்பது எங்கள் விளையாட்டில் உப்பளத்துச் சாவடியில் காவல் நிற்கும் ஒரு பெண். நாகுவின் குரல் என் அக்காவுடையது. அது கிரிக்குத் தெரியாது, வெளியிலிருந்து ஒரு ஆர்ட்டிஸ்ட் என்றுதான் ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். இங்கே நடந்துகொண்டிருக்கும் எதுவும் அக்காவுக்குத் தெரியாது.

திரையில் உப்பளம் விரிகிறது. வெள்ளை வெள்ளையாகப் பாத்திகள், நடுவே வரப்பு, தூரத்தில் கடல். வெள்ளைக்காரன் காலத்து வேதாரண்யம். ஆடுகிறவன் உப்பைக் கடத்திக் கடலோரம் நிற்கும் படகுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நான் முதலில் எழுதியபோது இதற்கு வரைபடமே கிடையாது. வழி தெரியவில்லையா, கேள். கேட்டால் எல்லாரும் ஒழுங்காகச் சொல்லிவிடுவார்களா, மாட்டார்கள். ஒருத்தன் பொய் சொல்வான், ஒருத்தி உன் ஊர் எது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள், ஒருவனுக்குப் போன அறுவடையில் நீ உதவியிருந்தால்தான் வாய் திறக்கும். பதினேழு திறமை இருந்தது. காற்றைப் பார்த்து மழை சொல்வது, வரப்பில் சத்தமில்லாமல் நடப்பது, பேரம், பொய், பசி தாங்குவது, ஒருவன் சொல்வதை முழுக்கக் கேட்பது. ஆம், கேட்பதே ஒரு திறமை, அதற்குப் புள்ளி உண்டு. முதலில் வரைபடம் வந்தது. பிறகு அதில் ஒரு மஞ்சள் புள்ளி. பிறகு அந்தப் புள்ளியை நோக்கி ஒரு அம்பு. பசியை எடுத்தார்கள், சாப்பிட மறந்து செத்துப்போவது ஜனங்களுக்கு எரிச்சலாக இருக்கிறதாம். பதினேழு ஏழானது, ஏழு மூன்றானது, அடி, ஓடு, பேசு. போன தீபாவளிக்கு முன்னால் பேசு போய்விட்டது. இப்போது அடி, ஓடு. யாராவது பொய் சொன்னால் அவன் தலைக்கு மேல் சிவப்பு முக்கோணம் வருகிறது. பொய்க்கு முக்கோணம் போட்ட பிறகு அது என்ன பொய்! நான் ஒவ்வொரு கூட்டத்திலும் எதிர்த்தேன், ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் நானே உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தேன், வேறு யாராவது எடுத்தால் கன்னாபின்னாவென்று எடுப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் கோழியை நானே உரித்தேன், இறகு சிதறாமல்.

அழுத்துகிறாள். அழுத்திக்கொண்டே இருக்கிறாள். படகுக்காரர் வாயைத் திறந்து "தம்பி, அந்தப் பக்கம்" என்று ஆரம்பித்தார், டிக், அடுத்த வரி, "போன வருஷம்", டிக், "எம்மவன்", டிக். அந்த 'எம்மவன்' என்ற வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. அவருடைய மகன் சேற்றில் புதைந்த கதை அது. அதை ஒரு கட்டைவிரல் தாண்டிப் போனது. அவள் முகத்தில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நிம்மதியாக, வாய் லேசாகத் திறந்து, பிஸ்கட் தூள் உதட்டோரத்தில், அம்பு போகும் பக்கமெல்லாம் போகிறாள். இவளுக்காகத்தான் எல்லாம். ஏழு வருஷத்தை அரைத்து வடிகட்டிக் கூழாக்கி இவள் வாயில் ஊற்றுகிறோம், பல் இருக்கிறவளுக்கு, அதிலும் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவளுக்கு. கிரி மடிக்கணினியில் எதையோ குறித்துக்கொண்டு "ஃப்ளோ செமயா இருக்கு ப்ரோ" என்கிறான். அவன் வாயிலிருந்து ஏலக்காய் வாசனையும் அதற்கடியில் பசியின் புளிப்பும் வருகிறது. இந்த அறையில் ஏசி காற்றைச் சுத்தப்படுத்துவதில்லை, மூச்சை ஒருவரிடமிருந்து வாங்கி இன்னொருவரிடம் கொடுக்கிறது.

நாங்கள் முதன்முதலில் இந்த மாதிரி ஒரு விளையாட்டை ஆடியது நாகப்பட்டினத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில். ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டம் இருக்காது, அக்கா கமலவேணியும் நானும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி. முழுக்க ஆங்கிலம், பாதி புரியாது. குகைக்குள் போனால் வெளியே வர வழி தெரியாது, அதனால் அக்கா லாங் சைஸ் நோட்டில் படம் போட்டுக்கொண்டே வருவாள், திரும்பிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் வைப்பாள், வௌவால் முக்கு, எலும்பு வாசல் என்று. அக்காவுக்குத் திக்கும். கடையில் போய் அரைக்கிலோ சர்க்கரை கேட்பதற்குள் கடைக்காரர் சுண்டல், சுக்கு, சீரகம் என்று ஒவ்வொன்றாகக் கையை வைத்துக் காட்டுவார். ஆனால் திரையில் வரும் ராஜா பேசுவதை அவள் தமிழாக்கி ராஜா மாதிரி கம்பீரமாகச் சொல்வாள், ஒரு எழுத்துகூட இடறாது. மந்திரவாதி மாதிரி பேசுவாள், திருடன் மாதிரி பேசுவாள், கொட்டும். வேறு ஆளாக இருந்தால் திக்காது என்று அன்றுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னோம். "அப்ப எப்பவும் ராஜாவாட்டமே பேசேன்" என்றாள் அம்மா, பாத்திரம் விளக்கிக்கொண்டே. அக்கா அதற்குப் பிறகு ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. இப்போது அவள் திருவாரூர்ப் பக்கம் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். ஈரத்தாளில் நூறு விதையை வரிசையாக வைத்து எத்தனை முளைத்தது என்று எண்ணும் வேலை. பேச வேண்டியதில்லை. விதை முளைக்கிறபோது முளைக்கும்.

சாவடி நெருங்குகிறது. அம்பு அவளை அங்கேதான் கூட்டிக்கொண்டு போகிறது. இந்த இடத்தில் மட்டும் அம்பு அணைந்துவிடும், இதற்காக நான் கிரியிடம் மூன்று மாதம் கெஞ்சியிருக்கிறேன். எங்கள் கம்பெனியில் பத்து செகண்ட் ரூல் என்று ஒன்று உண்டு, ஆடுகிறவர் பத்து வினாடிக்கு மேல் எதையும் அழுத்தாமல் உட்கார்ந்திருக்கும்படி எந்தக் காட்சியும் இருக்கக் கூடாது. நாகு பேசி முடிக்க நாற்பத்தெட்டு வினாடி ஆகும். நாகு திக்குவாள். நடுவில் நீ பொத்தானை அழுத்தினால் அவள் வாயை மூடிக்கொண்டு பெரிய ரோட்டைக் கையால் காட்டுவாள், அங்கே சிப்பாய்கள் நிற்பார்கள், நீ மாட்டிக்கொள்வாய். அழுத்தாமல் இருந்தால் யாருக்கும் தெரியாத வழியைச் சொல்லுவாள். அவ்வளவுதான் அந்தக் காட்சி. ஏழு வருஷத்தில் நான் எழுதியதில் அதுதான் மிச்சம். குரல் கொடுக்க அக்காவைக் கூப்பிட்டபோது அவள் முதலில் சொன்னது, "ந... நடிச்சா எனக்குத் திக்காதேடா" என்பது. நடிக்க வேண்டாம், நீயாகவே பேசு என்றேன். பதினோரு நாள் லீவு போட்டுவிட்டு மயிலாப்பூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில், அப்போது நாகுவுக்கு இருந்த அத்தனை வசனத்தையும் பேசினாள். அவசரம் இல்லை அக்கா, எவ்வளவு நேரமானாலும் சரி என்றேன். ஒலிப்பதிவு செய்தவரையும் முன்கூட்டியே எச்சரித்து வைத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒருமுறைகூடத் தலையாட்டி உற்சாகப்படுத்தவில்லை, நல்ல மனிதர். கடைசி நாள் ஆட்டோவில் வரும்போது அக்கா சொன்னாள், "இந்தப் ப... பதினோரு நாளா யாரும் எனக்கு வார்த்தைய எடுத்துக் குடுக்கல." எனக்கு அப்போது பெருமை பொங்கியது. என்ன ஒரு தம்பி, என்ன ஒரு கலைஞன். அவளிடம் நான் கேட்டு வாங்கியது அவள் வாழ்நாளெல்லாம் யார் கண்ணிலும் படாமல் மறைக்கப் பார்த்த ஒன்றை. அவள் கொடுத்துவிட்டாள், தம்பி கேட்டான் என்று.

நாகு திரும்புகிறாள். முகம் திரையை நிறைக்கிறது. "மூ..." என்கிறாள் அக்காவின் குரலில். "மூ... மூ..." பானுரேகாவின் கட்டைவிரல் பொத்தான் மேல் இருக்கிறது. அழுத்தாதே. பிஸ்கட் தின்ற புண்ணியவதி, அழுத்தாதே. நாகுவின் உதடு கூடிக்கொண்டு நிற்கிறது, சத்தமே இல்லை, அந்த இடத்தில் ஆறு வினாடி நிசப்தம், எனக்கு மனப்பாடம். கிரி நிமிர்ந்து பார்க்கிறான். பன்னிரண்டு வினாடி. பத்தைத் தாண்டிவிட்டது. கட்டைவிரல் நகர்ந்துவிட்டது. பொத்தானிலிருந்து நகர்ந்துவிட்டது! கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டாள். "மூணாவது ப... ப... பாத்திக்கு" என்கிறாள் நாகு, இவள் குனிந்தபடி அசையாமல் இருக்கிறாள், ஒருவர் பேசச் சிரமப்படும்போது முகத்தை உற்றுப் பார்த்தால் இன்னும் திக்கும் என்று தெரிந்தவள் மாதிரி. இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவளுக்கு? வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறவள், தினமும் நூறு பேர் வீங்கின கன்னத்தோடு வந்து குழறிக் குழறிப் பேசுவார்கள், பழகியிருப்பாள். நான் ஒரு மடையன். வந்ததிலிருந்து இவளைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருக்கிறேன், கிரீமையும் தூளையும் பார்த்துக்கொண்டு. முப்பது வினாடி. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கிரி பார்க்கிறானா, பார்க்கவில்லை. "...அப்பறம் த... தண்ணி எந்தப் பக்கம் ஓடுதோ, அதுக்கு எ... எதிர்ப்பக்கம் நட." நாற்பத்தெட்டு. அவள் கன்ட்ரோலரை எடுத்தாள். மூன்றாவது பாத்தி வரை போனாள், நின்றாள், தண்ணீரைப் பார்த்தாள், எதிர்ப்பக்கம் நடந்தாள். கடலுக்குப் போய்ச் சேர்ந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் சுவரில் மோதியது. "ப்ரோ," என்றான் கிரி மெதுவாக, "வெயிட் பண்ணிட்டாங்க ப்ரோ." அவனைக் கட்டிப்பிடித்திருப்பேன், ஏலக்காயோடு சேர்த்து.

ஆடி முடித்தவர்களிடம் நாலு கேள்வி கேட்பது என் வேலை. உள்ளே போனேன். நல்லா இருந்ததா, நல்லா இருந்தது சார். எது பிடித்தது, கடல் பிடித்தது சார். உதட்டோரத் தூள் இன்னும் அங்கேயேதான் இருந்தது, இப்போது எனக்கு அது அருவருப்பாகவே இல்லை. அந்தச் சாவடியில் ஒரு பொம்பள பேசினாங்களே, அப்போ நீங்க ஒண்ணும் அழுத்தாம இருந்தீங்களே, ஏன் என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றேன். "அதுவா சார்," என்றாள், கொஞ்சம் சங்கடமாகச் சிரித்துக்கொண்டு, "சொல்லலாமா வேணாமான்னு நெனச்சேன். அங்க ஹேங் ஆயிடுச்சு சார். நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போலன்னு பயந்துட்டேன். ரிமோட்ல லைட்டு எரியுதான்னு குனிஞ்சு பாத்தேன், எரிஞ்சுச்சு. சரி, கை வெக்காம விட்டா தானா சரியாகும்னு விட்டுட்டேன். சவுண்டும் ஒரே எடத்துல மாட்டி மாட்டி வந்துச்சு, எங்க வீட்டு டிவியில கேபிள் லூசா இருந்தா வருமே, அந்த மாதிரி. அப்பறம் தானா சரியாயிடுச்சு. கடைசியில சொன்னது நல்லா கேட்டுச்சு சார்." நான் குறித்துக்கொண்டேன். சவுண்டு மாட்டி மாட்டி வந்தது. கேபிள் லூசு. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு "என் தப்பா சார்?" என்றாள். இல்லைங்க, அந்தப் பொம்பளைக்குத் திக்குவாய், அவங்க அப்படித்தான் பேசுவாங்க என்றேன். "அய்யோ" என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள், அதையும் நான் பார்க்க வேண்டியிருந்தது. "கேம்ல வர்றவங்களுக்குக்கூட அப்படி இருக்கும்னு எனக்கு எப்படி சார் தெரியும்? முன்னாடியே எழுதிப் போட்டிருக்கலாமே."

அதற்குள் கிரி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டான், ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான், கண் பளபளவென்று இருக்கிறது. "ப்ரோ, சூப்பர் இன்சைட். தூக்கவே வேணாம். அவங்க தலைக்கு மேல சின்னதா ஒரு பார் வெச்சிடலாம். பேசப் பேச நெறையும். ஃபுல்லானா பேச்சு முடிஞ்சிடும். எவ்ளோ நேரம்னு தெரிஞ்சா ஜனங்க வெயிட் பண்ணுவாங்க." பானுரேகா உடனே தலையாட்டினாள். "ஆமா சார், எங்க கிளினிக்ல டோக்கன் நம்பர் ஓடுற போர்டு வெச்சப்பறம் பேஷண்ட்ஸ் யாரும் சத்தமே போடுறதில்ல. இன்னும் மூணு பேர்னு தெரிஞ்சா உக்காந்துக்குவாங்க." "கேட்டீங்களா ப்ரோ!" இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட சிரிப்பு. அக்காவின் தலைக்கு மேல் ஒரு பச்சைக் கோடு. "மூ... மூ..." கால்வாசி. "ப... ப..." பாதி. டவுன்லோட் ஆகிக்கொண்டிருக்கும் அக்கா. பார் இல்லை என்றால் என்று கேட்டேன். "அப்ப பத்து செகண்ட் ரூல்தான் ப்ரோ. தூக்கிட்டு அம்புதான். நீங்களே முடிவு பண்ணுங்க, லன்ச்சுக்குள்ள ஃபார்ம் மட்டும் போட்டுடுங்க." என்ன பெருந்தன்மை. முடிவை என் கையில் கொடுத்துவிட்டான். பார் வைத்தால் அவள் இருப்பாள், அவள் குரலை லட்சம் பேர் கேட்பார்கள், முழுக்கக் கேட்பார்கள். வேண்டாம் என்றால் பதினோரு நாளும் போய்விடும். ஒரு கோடுதானே? பதினேழு இரண்டானபோது விழுங்கினவனுக்கு இந்த ஒரு கோடு இறங்காதா? இறங்கும். எனக்கு எல்லாம் இறங்கும். ஆனால் இது என்னுடையது இல்லை.

மாடிப்படிக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டேன். படியில் யாரோ சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் சுவரைத் தொட்டிருக்கிறார்கள், சாம்பார் விரல் நாலு வரிசையாக. பன்னிரண்டே காலுக்கு அவளுக்குச் சாப்பாட்டு நேரம். எடுத்தாள். நான் மடமடவென்று எல்லாவற்றையும் சொன்னேன், மூச்சு விடாமல், எங்கே நிறுத்தினால் சொல்ல முடியாமல் போய்விடுமோ என்று. ஹேங் ஆனது என்று அந்தப் பெண் நினைத்ததை மட்டும் விட்டுவிட்டேன். பிறகு அதையும் சொல்லிவிட்டேன். கோட்டைப் பற்றிச் சொன்னேன். நிறுத்தினேன். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. ஃபேன் ஓடும் சத்தம்கூட இல்லை. கட்டாகிவிட்டதா, இந்தப் படிக்கட்டில் சிக்னல் எப்போதும் தகராறு. போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன், வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன, மறுபடி காதில் வைத்தபோது அவள் ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தாள். "...டுத்துப் பாத்தியா?" என்னக்கா என்றேன். "போ... போன எடுத்துப் பாத்தியான்னு கேட்டேன். க... கட்டாயிடுச்சான்னு." இல்லைக்கா என்றேன். "பாத்த. எல்லாரும் பா... பாப்பாங்க. தெரியும் எனக்கு, சத்தம் தூ... தூரமாப் போயிட்டு வரும்." நாற்பது வருஷமாக அவளுடைய தம்பி நான். "அந்தக் கோ... கோடு," என்றாள், "அது எப்ப நெ... நெறையும்?" நீ பேசி முடிக்கிறப்ப அக்கா. "அது எப்பன்னு எ..." நின்றது. நான் காத்திருந்தேன், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, திரையைப் பார்க்காமல். "எனக்கே தெரியாதேடா."

பதிவாகிவிட்டது அக்கா, இனி அது எப்போதும் நாற்பத்தெட்டுதான், கம்ப்யூட்டருக்குத் தெரியும் என்று ஒரு பதில் என் வாய்வரை வந்தது. அதைச் சொல்லாமல் விட்ட அளவுக்கு எனக்கு இன்னும் வெட்கம் மிச்சமிருந்தது. கோடு வேண்டாம் என்றால் மொத்தமாகத் தூக்கிவிடுவார்கள், உன் குரலே அதில் இருக்காது என்றேன். "தூக்கட்டும்." இந்த ஒரு சொல் மட்டும் இடறாமல் வந்தது. பிறகு, "ந... நடிக்கச் சொல்லியிருந்தா ஒரே நாள்ல முடிச்சிருப்பேன். அந்தப் பொண்ணும் ப... பயந்திருக்க மாட்டா. நீதான் இப்படியே வேணும்னு கேட்ட. இப்ப அதுக்குக் கோ... கோடு வேற போடறேங்கற." அக்கா அப்படி இல்லைக்கா என்றேன். "வெ... வெதை எண்ணணும். வைக்கிறேன்." அவள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மேலே இருந்து இறங்கி வந்த யாரோ இருவர் நான் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடந்தார்கள். நான் என் மேல் வீசும் வாடையை முகர்ந்தேன். ஸ்பிரிட் வாடை, சுத்தமான ஆள்.

இடத்துக்கு வந்து ஃபார்மைத் திறந்தேன். காட்சியின் பெயர், சாவடி நாகு. முடிவு என்ற கட்டத்தில் இரண்டு தேர்வு, மாற்றத்துடன் வை, நீக்கு. நீக்கு என்பதைத் தொட்டேன். காரணம் எழுதாமல் அனுப்ப முடியாது என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. எவ்வளவோ எழுதலாம், ஏழு வருஷத்தையும் எழுதலாம், பதினேழையும் பசியையும் சேற்றில் புதைந்த மகனையும் எழுதலாம், உங்கள் எல்லாரையும் பார்த்தால் குமட்டுகிறது, என்னைப் பார்த்தால் அதைவிட என்று எழுதலாம். அந்தக் கட்டத்தில் நூறு எழுத்துக்குத்தான் இடம் இருந்தது. பேச்சு எப்போது முடியும் என்று பேசுகிறவருக்கே தெரியாது என்று எழுதி அனுப்பினேன். அரை நிமிஷத்தில் கிரியிடமிருந்து பதில் வந்தது, கட்டைவிரல் படத்தோடு. 'ரீசன் ரொம்ப கிளியரா இருக்கு ப்ரோ. இந்த மாதிரி எழுதினா எல்லாருக்கும் ஈஸியா புரியும். அம்பை மட்டும் நீங்களே வெச்சிடுறீங்களா?'

வைத்தேன். நாலு நிமிஷம் ஆனது.